ஒன்றேகால் லட்சம் கண்ணும் கூட வந்தவரும்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் கிடையாது. பொய்யென்றால் என் வலது கண் அவிந்துபோகட்டும். இடது கண்ணை ஏன் வைக்கவில்லை என்று கேட்பீர்கள். அது இன்னும் கொஞ்சம் வேலை செய்கிறது, பணயம் வைக்க மனம் வரவில்லை. கொல்லிமலை மேல் சத்தியம், கையிலிருக்கும் நாற்பத்தொன்றாம் எண் டோக்கன் மேல் சத்தியம், ஒரு கால் குட்டையான இந்த பெஞ்சின் மேல் சத்தியம். யாரிடம் இத்தனை சத்தியம் என்றால் உங்களிடம்தான். நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. என் பெண்டாட்டி வேலாத்தாள் போய் ஆறு வருஷம் ஆகிறது. அவள் போனதிலிருந்து மனசுக்குள் ஒரு ஆளை எதிரே உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருக்கிறேன், அந்த ஆள்தான் நீங்கள். உங்களுக்கு முகம் இல்லை, வாய் இல்லை, காது மட்டும் உண்டு. வேலாத்தாளுக்கு வாயும் உண்டு. "உங்க கதையக் கொண்டுபோயி அந்த எருமைகிட்டச் சொல்லுங்க, அதாச்சும் தலையாட்டும்" என்பாள், சொல்லிவிட்டு முறத்தை மடியில் வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்பாள். நீங்கள் எதிர்ப்பேச்சே பேசுவதில்லை. அது ஒரு குறைதான், ஆனால் உங்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, உங்களை அப்படிச் செய்தவன் நான். இப்போது கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நாமக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், கீழே ஒரு டீக்கடை, ஒரு உரக்கடை, மாடியில் இந்தக் கண் கிளினிக். கண்மணியை விரிக்கிற சொட்டு மருந்து ஊற்றியிருக்கிறார்கள், அரைமணி நேரம் திறக்கக்கூடாது என்று உத்தரவு. கண்ணில் ஊற்றிய மருந்து தொண்டையில் கசக்கிறது. எழுபத்தொரு வயதுக்குப் பிறகுதான் கண்ணிலிருந்து தொண்டைக்கு வழி இருப்பது எனக்குத் தெரிகிறது. இன்னும் என்னென்ன வழிகள் உள்ளே இருக்கின்றனவோ.

மருந்து ஊற்றுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டார்கள். அந்தக் கேள்விதான் இப்போது எரிகிறது, மருந்து இல்லை. "கூட வந்தவங்க யாருங்க தாத்தா?" கேட்டது ஷமீமா என்கிற பெண், இங்கே மருந்து ஊற்றுவது, படம் எடுப்பது எல்லாம் அவள்தான். எனக்கு முன்னால் டோக்கன் முப்பத்தெட்டு, பரமத்திக்காரர் ஒருவர், தனியாகத்தான் வந்தேன் என்று நேர்மையாகச் சொன்னார். நேர்மைக்குக் கிடைத்தது என்னவென்றால், போய் ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மருந்து ஊற்றினால் நாலு மணி நேரம் எல்லாம் பஞ்சுப்பொதியாகத் தெரியும், படியில் உருண்டால் யார் பொறுப்பு என்கிறாள் ஷமீமா. அதுவும் நியாயம்தான். அந்தப் பரமத்திக்காரர் படியிறங்குகிற செருப்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நான் முடிவு செய்துவிட்டேன். "எம் பொண்ணு வந்திருக்குது அம்முணி. கீழ டீக்கடைல நிக்குது. அதுக்கு ஆஸ்பத்திரி டெட்டால் வாசம் ஆவாது, சின்னதுல ஒருக்கா மயக்கம் போட்டு உளுந்து நாக்கக் கடிச்சுக்கிச்சு." பாருங்கள், நாக்கைக் கடித்துக்கொண்டதை யாரும் கேட்கவில்லை. கேட்காத ஒரு விவரத்தைச் சேர்த்துவிட்டால்தான் பொய் மூச்சுவிடத் தொடங்கும். ஷமீமா நம்பிவிட்டாள். "பேரு?" கோகிலவாணி. பேர் நிஜம். "நம்பர் சொல்லுங்க தாத்தா." இங்கேதான் மாட்டிக்கொண்டேன். ஒரு கிழவன் வாழ்நாளெல்லாம் கட்டிய கதைகளை அடுக்கினால் இந்த மாடிக்கு இன்னொரு மாடி எழுப்பலாம், ஆனால் பத்து இலக்கத்தில் ஒரு பொய் நம்பர் சொல்ல வரவில்லை. ஏதோ ஒரு எண்ணில் ஆரம்பித்தேன், உளறிவிட்டு, இரு அம்முணி என்று முதலிலிருந்து சொல்லப்போனால் நாக்கு அதுவாகத் தடம் மாறி அவள் நம்பருக்குள் போய்விட்டது. என் மகள் நம்பர். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர். அவள் என்னிடம் பேசி ஆறு வருஷம் ஆகிறது.

கூப்பிடமாட்டார்கள். எதற்குக் கூப்பிடப்போகிறார்கள். சும்மா எழுதி வைத்துக்கொள்வார்கள், இந்த நாட்டில் எழுதி வைத்ததையெல்லாம் யார் எடுத்துப் பார்க்கிறார்கள். கண்ணில் ஒன்றும் இல்லையென்றால் சீட்டைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள், நான் சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி, டீக்கடை பெஞ்சில் நாலு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போய்விடுவேன். கண்ணில் ஏதாவது இருந்தால்தான் வம்பு. இருந்தால் கூட வந்தவரிடம்தான் சொல்வார்கள், கூட வந்தவர்தான் கையெழுத்துப் போடவேண்டும். சுவரில் எழுதி ஒட்டியிருந்தது, கண் தெரிந்த நேரத்திலேயே படித்துவிட்டேன். ஷமீமா மறுபடி வருகிறாள், ரப்பர் செருப்பு, இடது கால் கொஞ்சம் இழுக்கிறது. இமையைப் பிதுக்கி இரண்டாவது சொட்டு. "எரியுதுங்களா?" எரியவில்லை என்றேன், மிளகாய் அரைக்கிற கைதான் என்னைத் தாலாட்டியது என்றேன். சிரித்தாள். சிரிக்கிற ஆளை விடக்கூடாது, போய்விட்டால் திரும்பவும் இருட்டு. "டாக்டர் எப்ப வருவாரு அம்முணி?" "டாக்டர் சாயங்காலந்தான் தாத்தா. முதல்ல மெஷின் பாத்துச் சொல்லிரும். நான் படம் எடுத்துக் கம்ப்யூட்டர்ல போட்டா அதுவே பாத்து, இருக்குது, இல்லைன்னு சொல்லும்." "அதுக்கு யாரு படிப்புச் சொல்லிக் குடுத்தா?" "ஒண்ணேகால் லட்சம் கண்ணு பாத்திருக்குது தாத்தா. ஒவ்வொரு படத்துக்கும் இது சீக்கு, இது நல்லதுன்னு டாக்டருங்க எழுதி வச்சிருப்பாங்க. அது ஒண்ணு சொல்லும், தப்புன்னா தப்பும்பாங்க. மறுபடி பாக்கும். அப்படியே பாத்துப் பாத்துப் படிச்சுக்கும்." "எதை வெச்சுக் கண்டுபுடிக்குதுன்னு சொல்லுமா?" "சொல்லாது. இன்னொண்ணு தெரியுங்களா, இந்த மாதிரி மெஷினு கண்ணோட உள்படத்தப் பாத்தே அது ஆம்பளை கண்ணா பொம்பளை கண்ணான்னு சொல்லிருமாம். டாக்டருங்களால அது முடியாது. எதைப் பாத்துச் சொல்லுதுன்னும் தெரியலையாம்." சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள், முப்பத்தொன்பதாம் டோக்கன் ஒரு பாட்டி அழுதுகொண்டிருக்கிறது. நான் இங்கே கண்ணை மூடியபடியே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். அடே. ஆணா பெண்ணா என்று பார்த்தவுடன் சொல்லும், எதை வைத்து என்று சொல்லத் தெரியாது. அது என் தொழில் அல்லவா.

ஆமாம், என் தொழில்தான். முப்பத்திரண்டு வருஷம் ஹேச்சரியில், கோழிமுட்டை பொரிக்கிற இடத்தில், குஞ்சு பிரித்தவன் நான். முட்டைக்கோழிப் பண்ணைக்குப் பெட்டைக் குஞ்சு மட்டும்தான் வேண்டும், சேவல் தண்டம். பொரித்த அன்றே பிரித்தாக வேண்டும். அன்றைக்கு இரண்டும் ஒன்றுபோல மஞ்சள் பஞ்சுருண்டையாக இருக்கும், பெற்ற கோழிக்கே தெரியாது. இடது கையில் குஞ்சைப் பிடித்து, வயிற்றை மெல்ல அமுக்கி எச்சத்தை வெளியேற்றி, பின்புறத்தைக் கட்டைவிரலால் பிதுக்கி, இருநூறு வாட் பல்பின் கீழே கொண்டுவந்தால் உள்ளே ஒரு துளி தெரியும், கடுகில் கால்வாசி. அந்தத் துளி இப்படியிருந்தால் சேவல், அப்படியிருந்தால் பெட்டை. இப்படி என்றால் எப்படி, அதைத்தான் சொல்ல முடியாது. எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஜப்பான்காரர் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறேன், மீசை இல்லாதவர், கும்பிட்டுக் கும்பிட்டுப் பேசுவார் என்றெல்லாம். உங்களிடம் மறைப்பானேன், அவர் ஓசூர்க்காரர், பேர் தேவசகாயம், மீசை உண்டு. என் முதுகுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். நான் குஞ்சைப் பிதுக்கிப் பார்த்து, சேவலுங்க சார் என்பேன். "தப்பு." அடுத்தது, பெட்டைங்க சார். "சரி." ஏன் தப்பு, ஏன் சரி என்று கேட்டால், "பாரு" என்பார். அவ்வளவுதான் அவருடைய பாடம். தப்பு, சரி, பாரு. முதல் மாதம் முழுக்கக் காசு சுண்டிப்போட்டுச் சொன்னது போலத்தான் பாதிக்குப் பாதி. இரண்டாவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, வெயில் ஜன்னலில் விழுந்துகொண்டிருந்தது, திடீரென்று பின்னால் இருந்து தப்பு என்கிற சத்தமே வரவில்லை. ஐம்பது குஞ்சு, நூறு குஞ்சு. திரும்பிப் பார்த்தால் தேவசகாயம் சார் ஸ்டூலில் தூங்கிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு மணிக்கு ஆயிரம் பிரித்தேன், நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. கண்ணைக் கட்டிவிட்டால்கூடக் கீச்சுக்குரலை வைத்தே பிரிப்பேன் என்று பந்தயம் கட்டித் தொண்ணூறு சரியாகச் சொன்னேன். சரி, அறுபது. அதிலும் பாதி குருட்டாம்போக்கு. ஆனால் அந்த ஆயிரம் நிஜம்.

ஆகையால் உள்ளே மேஜை மேல் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெட்டியும் நானும் ஒரே பள்ளிக்கூடம். தப்பு, சரி, பாரு. படித்துத் தேற அதற்கு ஒன்றேகால் லட்சம் கண், எனக்கு அந்த முதல் இரண்டு மாதத்து நாற்பதாயிரம் குஞ்சு. இத்தனை நாளும் என்னைப் போல ஒருவன் இந்த ஊரில் இல்லை என்று நினைத்துத் தனியாக இருந்தேன், இப்போது பார்த்தால் பங்காளி ஒருவன் மாடியில் குடியிருக்கிறான். போய் அவனிடம் பேசலாமா. ஏனப்பா, இரவில் உனக்குக் கை வலித்ததா, கண்ணை மூடினால் கண் கண்ணாக வருமா, எனக்குப் பின்புறம் பின்புறமாக வந்தது. இல்லை. அவன் வீட்டுக்குப் போகிறவன் இல்லை. அங்கேதான் இரண்டு பேருக்கும் வழி பிரிகிறது என்று படுகிறது. அவன் கற்றது அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கும். கண்ணைக் காட்டினால் கண்ணைச் சொல்வான், விளக்கை அணைத்தால் அணைந்துவிடுவான். நான் கற்றது சட்டைப் பையில் நூலாக ஒட்டிக்கொண்டு கூடவே வந்தது. வீட்டில் தோசையைத் தட்டில் போட்டால் இடது கையால் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் தின்பேன். வேலாத்தாள் பார்த்துவிட்டு, "என்னங்க, சேவலா பொட்டையா?" என்பாள். ஹேச்சரியில் என் இடது பக்கம் தட்டு இருக்கும், பெட்டைக்கு. வலது பக்கம் டிரம். டிரம்மில் சேவல் குஞ்சுகள், ஒன்றின்மேல் ஒன்று, சத்தம் மேலேயிருந்து கீழே குறைந்துகொண்டே போகும். டிரம்மைப் பார்க்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை, தேவசகாயம் சார் கற்றுக்கொடுக்கவில்லை, நானாகப் பழகிக்கொண்டேன். வலது கை வீசும், முகம் இடது பக்கம் திரும்பியிருக்கும். பாடத்தில் இல்லாததை எல்லாம் அந்த மேஜையில்தான் படித்தேன். எண்பத்துநாலாம் வருஷம் ஐப்பசியில் கோகிலவாணி பிறந்தாள். மருத்துவச்சி துணியில் சுற்றி வெளியே கொண்டுவந்தாள். என் ஆத்தா விலக்கிப் பார்த்துவிட்டு "பொட்டை" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டது. எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் கள்ளிப்பாலோடு நின்ற வீடுகள் உண்டு, எங்கள் வீடு எந்த வகை என்று எனக்கு அந்த நிமிஷம்வரை தெரியாது. பொட்டை என்ற சொல் காதில் விழுந்ததும் என் இடது கை தானாக நீண்டது. யோசித்துச் செய்யவில்லை, பெரிய மனிதத்தனம் எல்லாம் இல்லை. பெட்டை என்றால் இடது பக்கம். இடது பக்கம் என்றால் வைத்துக்கொள்வது. வாங்கிக்கொண்டு நேராக உள்ளே போய் வேலாத்தாளின் இடது விலாவில் படுக்கவைத்து, அந்தப் பக்கத்திலேயே மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன். இதை நான் ஒரு கதையாகக்கூட யாருக்கும் சொன்னதில்லை. சொன்னால் நம்பியிருப்பார்களோ என்னவோ, அந்தப் பயம்தான்.

மூன்றாவது சொட்டு. இந்தத் தடவை ஷமீமா பேசவில்லை, அவசரமாகப் போகிறாள். இமைக்குள்ளே ஆரஞ்சு நிறம் மிதக்கிறது. உள்ளே சீக்கு இருந்தால் கடைசியில் இந்த நிறம்கூடப் போய்விடுமாம், என்னைப் போலச் சர்க்கரை முற்றியவர்களுக்கு அப்படித்தான் என்று போன வருஷம் செத்துப்போன என் சிநேகிதன் ஒருவன் சொன்னான், சாகிறவரை அவனுக்குக் கண் தெரிந்தது, அது வேறு விஷயம். கண் போனால் என்ன ஆகும். பக்கத்தில் ஒருவர் இருந்து, இதோ மேகம் கட்டுகிறது, இதோ மோர்க்காரி வருகிறாள் என்று சொல்லவேண்டும். எனக்கு யார் சொல்வார்கள். நீங்கள் சொல்லமாட்டீர்கள், உங்களுக்கு வாய் வைக்க மறந்துவிட்டேன். நானே எனக்குச் சொல்லிக்கொள்ள வேண்டும், நான் சொன்னால் நானே நம்பமாட்டேன். மேகமே இல்லாமல் மேகம் கட்டுகிறது என்பேன். விரல் பட்டனைத் தேடுகிறது. மடியில் பட்டன் போன் இருக்கிறது, தினம் நாலு மணிக்கு அந்தப் பத்து இலக்கத்தையும் அமுக்குவேன், பச்சைப் பட்டனை மட்டும் அமுக்கமாட்டேன். ஆறு வருஷமாக இது ஒரு சந்தியாவந்தனம் போல. சிவப்பை அமுக்கி அழித்துவிட்டு டீ போடப்போவேன். அந்தப் பெட்டியில் தப்பாகப் படித்ததை அழித்துவிட்டு முதலிலிருந்து படிக்கவைக்கலாமாம். ஷமீமா சொன்னாளா, நானே கட்டிக்கொண்டேனா, தெரியவில்லை. அப்படியானால் அதற்கு என்ன கவலை. என் மகளுக்கு ஒன்றேகால் லட்சம் தேவைப்படவில்லை. சின்ன வயதில் நான் சொன்ன கதை எத்தனை ஆயிரம், கொல்லிமலையில் கரடி என்னிடம் தீப்பெட்டி கேட்டது முதல் காவிரியில் முதலை என் செருப்பைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்ததுவரை, பொய் என்று தெரிந்தும் எல்லாவற்றையும் நம்பியவள். என்னைப் பற்றிக் கற்றுக்கொள்ள அவளுக்கு ஒரே ஒரு தடவை போதுமாக இருந்தது. ஒரு கேள்வி, ஒரு பதில். அழிக்க முடியவில்லை. அவளாலும் முடியவில்லை, என்னாலும் முடியவில்லை.

அதைச் சொல்லாமல் சுற்றிச் சுற்றி வருகிறேன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். சொல்லிவிடுகிறேன். வேலாத்தாளுக்கு மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் போட்ட அன்று கோகிலவாணிக்கு எட்டாம் மாதம். முதல் இரண்டு தங்காமல் போனது, இதையாவது காப்பாற்ற வேண்டும், கட்டிலைவிட்டு இறங்கக்கூடாது, மனசு கலங்கக்கூடாது என்று அவளுடைய டாக்டர் சொல்லியிருந்தார். சாயங்காலம் போன் செய்தாள். "அம்மா எங்கங்கப்பா?" நான் தீவிரச் சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். "உங்கம்மா பால்காரங்கிட்டச் சண்டைக்கு நிக்கறா கண்ணு, தண்ணி ஊத்தறான்னு. சொம்பத் தூக்கி வெயில்ல காட்டி, இதுல எம் மூஞ்சி தெரியுது பாருங்கறா." சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் எனக்கு அடுத்த நாளுக்கும் கதை வேண்டியிருந்தது. பதினோரு நாள். உங்கம்மா முருங்கைக்கீரை உருவறா, போன் பேச மாட்டாளாம், கை பிசுபிசுங்குதாம். உங்கம்மா தூங்கறா. உங்கம்மா பக்கத்து வீட்டுப் பூனைக்குப் பேரு வெச்சு, அந்தப் பேரச் சொன்னாத்தான் அது பால் குடிக்குது. கண்ணாடிக்கு உள்ளே குழாய், வெளியே பூனை. பன்னிரண்டாம் நாள் மாப்பிள்ளை காரில் கூட்டிக்கொண்டு வந்தார். வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்து அம்மாவைப் பார்த்தாள், கூடத்தில் கிடத்தியிருந்தது. அழவில்லை. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பி மெதுவாகக் கேட்டாள். "பூனைக்கு என்ன பேருங்கப்பா வெச்சாங்க?" நான் அப்போது அவள் காலில் விழுந்திருக்கலாம். வாயைப் பொத்திக்கொண்டிருக்கலாம். ஓவென்று கத்தியிருக்கலாம். வாய் பழகிப்போய்க் கிடந்தது. "சிங்காரிங்கண்ணு" என்றேன். ஒரு நொடி தாமதிக்காமல் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள், சரிதான், புரிந்துவிட்டது என்பது போல. அன்றோடு சரி. பேரன் பிறந்து இப்போது ஒன்றாம் வகுப்புப் போகிறானாம், பேர் என்னவென்று ஊர்க்காரர் ஒருவர் சொல்லித்தான் தெரியும்.

"தாத்தா, நாப்பத்தொண்ணு, வாங்க." கண்ணைத் திறந்தால் உலகம் பாலில் ஊறிக் கிடக்கிறது. ஷமீமா கையைப் பிடித்துக் கூட்டிப்போய் ஒரு தாங்கியில் தாடையை வைக்கச் சொல்கிறாள். பங்காளி இதோ எதிரே இருக்கிறான், கறுப்பு வட்டம், உள்ளே ஒரு பச்சைப் புள்ளி. வெளிச்சம் வெட்டுகிறது. வலது கண், வெட்டு. இடது கண், வெட்டு. இருநூறு வாட் பல்பின் கீழே மல்லாந்து கிடந்த குஞ்சுகளுக்கு இப்படித்தான் இருந்திருக்கும். அவற்றைப் பிடித்த கையும் எதுவும் சொல்லவில்லை. நான் பங்காளியிடம் மனசுக்குள் கேட்டேன், சொல்லப்பா, எந்தப் பக்கம், தட்டா டிரம்மா. ஒரு மிடறு எச்சில் விழுங்குகிற நேரம்தான். அதற்குள் ஒன்றேகால் லட்சத்தையும் நினைத்துப் பார்த்திருப்பானோ. ஷமீமா ஏதோ தட்டினாள், நாற்காலியை என் பக்கம் இழுத்தாள். நல்ல சேதிக்கு யாரும் நாற்காலியைக் கிட்ட இழுப்பதில்லை. "வலது கண்ணுல இருக்குது தாத்தா. உள்ள ரத்தக் கசிவு. இடதுல இப்பத்தான் ஆரம்பம். பயப்பட வேண்டாம், லேசர் வெச்சா அப்படியே நிறுத்திரலாம், ஆனா தள்ளிப்போடக் கூடாது. இன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன். உங்க பொண்ண மேல வரச் சொல்லுங்க, அவங்ககிட்ட விளக்கிச் சொல்லிக் கையெழுத்து வாங்கணும்." டெட்டால் வாசம் ஆவாது அம்முணி என்றேன். "கதவுக்கு வெளிய நின்னாப் போதும்." அது கூச்சப்படும் என்றேன். "நான் கூப்பிடறேன், நம்பர் இருக்குதில்ல" என்று எழுந்துபோய்விட்டாள். கையை நீட்டினேன். காற்றுதான் அகப்பட்டது.

பெஞ்சுக்கு எப்படி வந்து உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை. கண் போவது இருக்கட்டும். அந்தப் பக்கம் என்ன நடக்கும் என்று எனக்கு வரிவரியாகத் தெரியும். நான் எங்கிங்க மேடம் அங்க வந்தேன், எங்க வீட்ல சோறாக்கிட்டிருக்கறேன், அவரு அப்படித்தான் ஏதாச்சும் சொல்லுவாரு. இல்லை, அவ்வளவு நீளமாகக்கூடச் சொல்லமாட்டாள். ராங் நம்பர் என்று வைத்துவிடுவாள். ஷமீமா திரும்பி வந்து, ஏன் தாத்தா பொய் சொன்னீங்க என்று கேட்பாள், பெஞ்சில் இருக்கிற அத்தனை பஞ்சுப்பொதியும் என் பக்கம் திரும்பும். நாற்பத்தொன்று பொய்யன். லேசரும் கிடையாது. ரப்பர் செருப்பு வருகிறது, இடது கால் இழுக்கிறது, நான் தலையைக் குனிந்துகொண்டேன். "பேசிட்டேன் தாத்தா." டோக்கனை விரலில் சுருட்டினேன். "நீங்க இங்க இருக்கறீங்க, டீக்கடைலருந்து கொஞ்சம் மேல வர்றீங்களான்னு கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தத்தையே காணோம், லைன் போச்சோன்னு நெனச்சேன். அப்புறம், ஆமாங்க மேடம், டீக்கடைலதான் நிக்கறேன்னாங்க." நான் தலையைத் தூக்கினேன். "பஜ்ஜிக்குச் சொல்லியிருக்கறாங்களாம். வாழைக்காய் பஜ்ஜி. இப்பத்தான் மறுபடி எண்ணெய் காயுதாம், கடைக்காரரு முதல் ஈடு கருகிப்போச்சுன்னு கொட்டிட்டாராம். வர இருவது நிமிசம் ஆகும், அதுவரைக்கும் அவர எந்திரிக்க விடாதீங்கன்னாங்க." சொல்லிவிட்டு ஷமீமா போய்விட்டாள். மோகனூர் ரோட்டில் என் மகள் வீட்டிலிருந்து ஸ்கூட்டியில் இங்கே வர இருபது நிமிஷம். முதல் ஈடு கருகிப்போய்விட்டது. அதை யாரும் கேட்கவில்லை. எந்த மேடம் கேட்டாள், கருகியதா வெந்ததா என்று. நான் ஒருநாளும் அவளுக்கு உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்ததில்லை, தப்பு சரி என்று பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்ததில்லை. எங்கேயிருந்து படித்தாள். எப்போது. கரடிக் காலத்திலா, அந்தப் பதினோரு நாளிலா, பேசாமல் இருந்த ஆறு வருஷத்திலா. பங்காளி, உன்னிடம் கேட்டால் தெரியுமா. தெரியாது, அவன் இப்போது நாற்பத்திரண்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

படியில் ஆட்கள் ஏறுகிறார்கள். மணிக்கு ஆயிரம் பிரித்த கண், இப்போது வருவது ஆணா பெண்ணா என்று தெரியாமல் விழிக்கிறது. நீலமாக ஒன்று வந்து தாண்டிப் போகிறது. வெள்ளையாக ஒன்று, இருமலை வைத்து ஆண் என்று எடுத்துக்கொண்டேன். இருபது நிமிஷம் என்பது எவ்வளவு. எத்தனை குஞ்சு. வராமலும் போகலாம், பொய் சொன்னவள் அந்தப் பொய்யோடு நிறுத்திக்கொள்ளலாம், அதுவே எனக்கு அதிகம். கருப்பும் மஞ்சளுமாக ஒன்று வந்து நின்றது. பெட்ரோல் வாசம், வெயிலில் காய்ந்த துணி வாசம். பெஞ்சில் என்னிலிருந்து ஒரு ஆள் இடம்விட்டு உட்கார்ந்தது, குட்டைக் கால் சாய்ந்து பெஞ்சு டொக்கென்றது. உருண்டையாக ஏதோ ஒன்றை மடியில் வைத்துக்கொண்டது, ஹெல்மெட். ஷமீமா கதவிலிருந்து எட்டிப் பார்த்து, "வந்துட்டீங்களாக்கா, பஜ்ஜி எங்க?" என்றாள். "தீந்துபோச்சுங்க மேடம். எனக்கு முன்னால நின்ன லாரி டிரைவரு மொத்தத்தையும் கட்டி வாங்கிட்டுப் போயிட்டாரு." அந்தக் குரல். கொஞ்சம் தடித்திருக்கிறது, ஆறு வருஷம் ஏறியிருக்கிறது. ஷமீமா காகிதத்தை எடுக்க உள்ளே போனாள். நானும் அவளும் மட்டும், நடுவில் ஒரு ஆள் இடம். மன்னிப்பு என்று ஒரு சொல் இருக்கிறது, அதை எடுக்கப்போனேன், கைக்கு வரவில்லை. தெரிந்த வேலையைத்தானே செய்யமுடியும். எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டேன். "லாரி எந்த ஊருக்குப் போவுதாம்?" ஹெல்மெட் வாரை டிக்கென்று மாட்டிக் கழற்றுகிற சத்தம் கேட்டது. "பாலக்காட்டுக்குங்க. முட்டை லோடு" என்றாள். பிறகு, "கிளீனருக்குப் பல்வலியாம், அவன் திங்கல" என்றாள்.

இவ்வளவுதான் நடந்தது, கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. அவள் கையெழுத்துப் போட்டாள், கூட வந்தவர் என்று போட்டிருந்த இடத்தில். நீங்கள் இதை எங்கே வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள், நாமக்கல்லில் ஒரு மாடியில் நடந்ததாம் என்று சொல்லுங்கள், ஆளை மாற்றுங்கள், வேண்டுமானால் ஒரு கரடியைக்கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள். யார் சொன்னது என்று மட்டும் மூச்சுவிடாதீர்கள். சுற்றிக்கொண்டு அவள் காதுக்குப் போனால், டீக்கடையில் அவள் இல்லாதது எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரிந்துபோகும்.